கூனிமேடு பக்கம் திறக்கவில்லை

வெப்சைட் கட்டிக்கொடுத்துப் பராமரிக்கும் தொழிலில் அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: "தம்பி, பக்கம் வரல." சொல்பவருக்கு எல்லாம் ஒன்று. திரையில் 404 என்று வந்தாலும், வெள்ளையாக நின்றாலும், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் அவர் கணக்கில் பக்கம் வரவில்லை. எனக்கு அப்படியில்லை. 404 என்று கேட்டால் பாதி நிம்மதி வந்துவிடும். தளத்தின் பெயருக்கு முகவரி கிடைத்திருக்கிறது, இணைப்பு விழுந்திருக்கிறது, சர்வர் கேள்வியை முழுதாக வாங்கிப் படித்து "அப்படி ஒன்று என்னிடம் இல்லை" என்று பதிலும் சொல்லியிருக்கிறது. உயிரோடு இருக்கிற சர்வர்தான் இல்லை என்று சொல்லும். 2020 நவம்பர் 25 இரவு மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே நிவர் புயல் கரையேறிய பிறகு எனக்கு வந்த "பக்கம் வரல" எல்லாம் வேறு வகை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஆகவே நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த 404?" புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராக வழித்தடக் கோப்பைத் திறந்து எதையாவது மாற்ற ஆரம்பிக்கிறார்கள். நேரம் வீணாவது அங்கேதான். ஒரு கோரிக்கை பயனரின் போனில் கிளம்பி தரவுத்தளத்தைத் தொடுவதற்குள், வழியில் "இல்லை" சொல்ல அதிகாரம் உள்ளவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். முன்னால் நிற்கும் வெப் சர்வர், என்ஜின்எக்ஸ், சொல்லலாம். அதைத் தாண்டினால் ஃபிரேம்வொர்க்கின் ரூட்டர், "இந்த வடிவத்தில் எனக்கு முகவரியே கிடையாது" என்று சொல்லலாம். ரூட்டரும் விட்டுவிட்டால், கடைசியில் நாம் எழுதிய ஃபங்ஷன், "முகவரி சரிதான், ஆனால் அந்தப் பெயரில் ஒரு பதிவும் இல்லை" என்று கைவிரிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் அதே எண். மருந்து மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. என்ஜின்எக்ஸ் தானே மறுத்தால் அதன் மொட்டைப் பக்கம் வரும். நடுவில் எண், கீழே அதன் பெயர். பைதான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் டீபக் நிலை இயங்கும்போது ரூட்டர் மறுத்தால், தான் ஒப்பிட்டுப் பார்த்த முகவரி வடிவங்களை எல்லாம் பார்த்த வரிசையிலேயே பட்டியல் போடும். நம் ஃபங்ஷன் மறுத்திருந்தால், எந்த ஃபங்ஷன் என்று பெயரையும் சொல்லும். சர்வரில் டீபக்கை நிறுத்தித்தான் வைப்போம், வைக்கவும் வேண்டும். அங்கே இந்த வித்தியாசம் தெரியாது. அப்போது பைதான் ஷெல்லைத் திறந்து, புகார் வந்த முகவரியை 'ரிசால்வ்' என்ற ஃபங்ஷனிடம் கொடுத்துப் பார்ப்பேன். ரூட்டர் அதை யாரிடம் அனுப்புகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும், அல்லது தெரியாது என்று பிழை எறியும். லாராவெல்காரர்களுக்கு 'ரூட் லிஸ்ட்', ரெயில்ஸ்காரர்களுக்கு 'ரூட்ஸ்' என்று அவரவர் கட்டளை உண்டு. பெயர்தான் வேறு, வேலை அதே.

என்ஜின்எக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. செயலியை ஒரு தளத்தின் கிளை முகவரிக்குக் கீழே மாற்றி வைக்கும்போது, 'ப்ராக்ஸி பாஸ்' வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்தால் அந்தக் கிளைப் பெயரை வெட்டிவிட்டு உள்ளே அனுப்பும். இல்லாவிட்டால் வெட்டாமல் அப்படியே அனுப்பும். ஒரு சாய்கோட்டில் தளம் முழுக்க 404 ஆகும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் போனால் ரூட்டரைச் சந்தேகப்படாதீர்கள், முன்வாசலைப் பாருங்கள். இதற்கு மேல் அதில் விஷயம் இல்லை.

நான் சொல்ல வந்தது மரக்காணத்துக் கதை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். காக்கிநாடாவில் தொடங்கி 796 கிலோமீட்டர் கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இந்தப் பக்கம்தான். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் போன கால்வாய். இப்போது உப்பு லாரியில் போகிறது. தை, மாசியில் பிடிக்கும் உப்பு வேலை வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை ஓடும். கடல்நீர் உள்ளே வரும்போது 3 டிகிரி சுமார் இருக்கும். இது பாமே டிகிரி, வெயில் டிகிரி இல்லை. பாத்திக்குப் பாத்தி மாறி, காய்ந்து காய்ந்து 25-ஐத் தொடும்போது உப்பு பூக்கும். 30-ஐ நெருங்க விட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதற்குள் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்த டிகிரிக் கணக்கு, வாரிய மூட்டைக் கணக்கு, லாரி லோடு, வாங்குகிறவர்களின் ஊர், பாக்கி எல்லாவற்றையும் போனில் பார்க்கிற மாதிரி ஒரு செயலி வேண்டும் என்று உப்பு வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். ஜாங்கோவில் எழுதியது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு அது என் கைக்கு வந்தது. மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது, எல்லோரும் பேசக் கிடைப்பார்கள். மராமத்து வேலையை ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது எளிய நோய். புதுப் பாத்தி சேர்க்கும் பக்கத்தை அழுத்தினால் 404. ஷெல்லில் ரிசால்வ் போட்டுப் பார்த்தால் ரூட்டர் முகவரியை மறுக்கவே இல்லை. வேறு ஃபங்ஷனுக்கு அனுப்பியிருந்தது. 'பாத்தி' என்று தொடங்கி அடுத்து எந்தச் சொல் வந்தாலும் அதைப் பாத்தியின் பெயராக எடுத்துக்கொள் என்ற வரி மேலே இருந்தது. 'பாத்தி', அடுத்து 'புதிது' என்ற வரி கீழே. ரூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ஆகவே 'புதிது' என்ற பெயரில் ஒரு பாத்தியைத் தேடிப்போய், இல்லை என்று திரும்பியிருக்கிறது. இதை உப்பளக் குத்தகைக்காரர் அண்ணன் ஒருவருக்குப் புரியவைக்க நான் ஒன்றும் மெனக்கெடவில்லை. "மேல் மடையத் தொறந்து போட்டுட்டு கீழ்ப் பாத்திக்குத் தண்ணி வரலன்னா எப்படி வரும்?" என்று அவரே சொல்லிவிட்டார். குறிப்பான முகவரி மேலே, எதையும் விழுங்கும் முகவரி கீழே. எக்ஸ்பிரஸிலும் இதே விதிதான், லாராவெல்லிலும் இதே விதிதான்.

அடுத்தது கொஞ்சம் நயவஞ்சகமானது. டிகிரி எழுதும் படிவத்தில் எண்ணைப் போட்டு அனுப்பினால் பிழை எதுவும் வராது, பக்கம் திரும்ப வெறுமையாகத் திறக்கும், எண் பதிவாகியிருக்காது. படிவம் போகிற முகவரியின் கடைசியில் சாய்கோடு விட்டுப்போயிருந்தது. ஜாங்கோ அதைத் தானாகச் சேர்த்து, சரியான முகவரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்தைப் பார்க்க வருபவருக்கு இது உபகாரம். படிவம் அனுப்புபவருக்கு உபத்திரவம். திருப்பிவிடும்போது பிரவுசர் அனுப்பிய தரவைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு போய்ச் சேர்கிறது. டீபக் நிலையில் ஜாங்கோ இதைக் கத்திச் சொல்லும். சர்வரில் வாயைத் திறக்காது. முகவரியைக் கையால் எழுதாமல், வழித்தடத்துக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி முகவரியை வாங்குவதுதான் இதற்குத் தீர்வு. பெயரில் பிழை இருந்தால் 'நோ ரிவர்ஸ் மேட்ச்' என்று பக்கமே உடையும். உடையட்டும். சத்தம் போட்டு உடைகிற பிழை நல்ல பிழை.

இவை இரண்டும் எந்த ஊரிலும் யாருக்கும் வரக்கூடியவை. மூன்றாவதுதான் நமக்கென்றே வருவது.

கணக்கு எழுதும் அக்கா ஒருநாள் சொன்னார்: "தம்பி, உள்ள போய் கூனிமேட்ட அழுத்துனா வருது. வாட்ஸப்ல அனுப்புன கூனிமேட்ட அழுத்துனா இல்லன்னு வருது." கடலோரக் குப்பங்களில் கருவாடு போடுகிறவர்கள் இங்கேயிருந்து உப்பு வாங்குவார்கள். ஊர்வாரியாக அவர்களுக்கு ஒரு பக்கம். அன்றைய விலை, போன லோடு, நின்ற பாக்கி. அந்த முகவரியை அக்கா ஒவ்வொரு ஊருக்கும் தமிழில் தட்டி அனுப்பியிருக்கிறார். 'ஊர்', சாய்கோடு, 'கூனிமேடு'. ஒரு எழுத்துப் பிழை இல்லை. அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சுத்தம்.

உள்ளே போய் அழுத்தினால் திறக்கிற பக்கத்தின் முகவரிப் பட்டையைப் பார்த்தேன். அதில் கூனிமேடு இல்லை. 'கனமட' என்று இருந்தது.

பட்டியலை முழுதாக எடுத்துப் பார்த்தேன். திண்டிவனம் 'தணடவனம' ஆகியிருந்தது. அனுமந்தை 'அனமநத'. புதுச்சேரி 'பதசசர'. மரக்காணமே 'மரககணம'. காலும் இல்லை, கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. உயிர்மெய்யிலிருந்து உயிரை உருவிவிட்டு அகர வரிசையை மட்டும் விட்டுவைத்த மாதிரி. யாரும் முகவரிப் பட்டையைப் பார்ப்பதில்லை என்பதால் இத்தனை காலம் இது வெளியே தெரியவில்லை.

காரணம் இது. தலைப்பிலிருந்து முகவரித் துண்டு செய்ய ஜாங்கோவில் 'ஸ்லகிஃபை' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. இயல்பில் அது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு தவிர வேறெதையும் வைக்காது; தமிழைக் கொடுத்தால் வெறுமைதான் மிஞ்சும். ஜாங்கோ பிறந்தது அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில். 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. அங்கே தலைப்பெல்லாம் ஆங்கிலம், அது போதுமாக இருந்தது. பிறகு 2015 கடைசியில் வந்த 1.9 பதிப்பில் யூனிகோடு எழுத்துகளையும் அனுமதிக்க ஒரு வசதி வைத்தார்கள். எனக்கு முன்னால் எழுதியவர் அதைத்தான் நம்பிப் போட்டிருக்கிறார். நம்பியதில் தப்பில்லை; பெயரே அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் 'எழுத்து' எது என்று அந்த வசதி முடிவு செய்யும் விதத்தில்தான் சிக்கல். அது பைதானின் ரெகெக்ஸிடம் கேட்கிறது. ரெகெக்ஸில் பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறி ஒன்று உண்டு. சொல்லில் வரக்கூடிய எழுத்து என்று பொருள். யூனிகோடு அட்டவணையில் 'அ', 'க', 'ஃ' எல்லாம் எழுத்து வகை. 'ா', 'ி', 'ூ', 'ே' போன்ற துணையெழுத்துகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை. அவை குறி வகை. பைதானின் அந்த டபிள்யூ, குறி வகையை எழுத்தாக எண்ணுவதில்லை. ஷெல்லில் 'மரக்காணம்' என்று கொடுத்து, இதில் உள்ள சொற்களைக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சொல் வராது, மூன்று வரும்: 'மரக', 'க', 'ணம'. நமக்கு ஒரே ஊர். பைதானுக்கு இரண்டு இடங்களில் உடைந்த ஊர். தமிழுக்கு மட்டும் வந்த வினை இல்லை. தேவநாகரியை வைத்து இதே புகார் 2007-லேயே பைதானின் வழுப் பட்டியலில் ஏறியிருக்கிறது. 'ரெகெக்ஸ்' என்ற பெயரிலேயே தனியாகக் கிடைக்கும் இன்னொரு நூலகம் இதைச் சரியாகச் செய்கிறது. ஜாங்கோ பயன்படுத்துவது பைதானோடு கூடவே வருவதை.

இப்போது கதை பொருந்தியது. முகவரித் துண்டு செய்யும்போது கால் கொம்பெல்லாம் வெட்டப்பட்டு 'கனமட' என்று சேமிக்கப்பட்டது. வழித்தடக் கோப்பில் ஊர்ப் பக்கத்துக்கான வரியிலும் அதே டபிள்யூ. வெட்டுப்பட்ட பெயரில் குறி எதுவும் இல்லாததால் அது தாராளமாகப் பொருந்தியது. முழுப் பெயரோடு அக்கா அனுப்பிய முகவரி பொருந்தவில்லை. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு தளம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இத்தொழிலில் நான் பார்த்தவரை நெடுநாள் ஒளிந்திருக்கும் பிழைகள் பெரும்பாலும் இப்படி ஜோடியாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது வெளியே வந்து, நீங்கள் கைவைத்ததால்தான் கெட்டது என்று பெயர் வாங்கிக்கொடுக்கும்.

அந்த ஜோடிக்கு ஒரு பிள்ளையும் இருந்தது. அளத்தில் உயரமான பகுதிக்கு 'மேடு' என்றும், தாழ்ந்த பகுதிக்கு 'மடு' என்றும் கணக்கில் பெயர். இரண்டும் வெட்டுப்பட்டால் 'மட'. மாடும் அதேதான், மூடியும் அதேதான். மேட்டுப் பகுதியைத் திறந்தால் அந்தப் பெயரில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன என்று ஃபங்ஷன் திகைத்து 500 கொடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தனிப் பிழை என்று நினைத்து, 'மேட்டுப் பகுதி' என்று பெயரை மாற்றிப் பார், புது எண் போட்டுப் பார் என்று யாரோ யாருக்கோ சொல்லி, கணக்கில் மேடு இரண்டு இடத்தில் கிடந்தது.

சரிசெய்தது சின்ன வேலை. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 முதல் 'பாத் கன்வெர்ட்டர்' என்ற வசதி உண்டு. ஜாங்கோ தரும் ஸ்லக் கன்வெர்ட்டர் ஆங்கிலத்துக்கு மட்டும். நாமே ஒன்று எழுதிக்கொள்ளலாம், நாலைந்து வரிதான். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 128. பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரை. டபிள்யூவிடம் கேட்காமல், இந்த வீச்சுக்குள் வரும் எதையும் ஏற்றுக்கொள் என்று சொல்லிவிட்டேன். துண்டு செய்யும் ஃபங்ஷனிலும் அதே வீச்சு. பழைய 'கனமட'வைச் சிலர் போனில் சேமித்து வைத்திருப்பார்கள் என்பதால், பழையதைப் புதியதற்குத் திருப்பிவிட ஒரு அட்டவணையும் போட்டேன். 'மட'வுக்கு மட்டும் திருப்பிவிட முடியாது. மேடா மடுவா என்று கேட்கும் ஒரு பக்கம் வைத்தேன்.

எல்லா ஊரும் திறந்தது. கோட்டக்குப்பம் மட்டும் திறக்கவில்லை.

இது நான் ரசித்த பிழை. தரவுத்தளத்தில் 'கோட்டக்குப்பம்' இருக்கிறது. முகவரியில் 'கோட்டக்குப்பம்' இருக்கிறது. ரூட்டர் விடுகிறது, ஃபங்ஷன்தான் இல்லை என்கிறது. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டுப் பார்த்தால் கண்ணுக்கு இம்மியும் வித்தியாசமில்லை. நீளத்தைக் கேட்டேன். முகவரியில் வந்தது 14. தரவுத்தளத்தில் இருந்தது 15.

யூனிகோடில் 'கோ' எழுத இரண்டு வழி உண்டு. 'க'வை அடுத்து ஓகாரக் குறி என்று ஒரே குறியாகப் போடலாம். அல்லது இரட்டைக்கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் 'கோ'தான். கணினிக்கு வேறு வேறு. ஊர்ப் பட்டியலைப் பழைய எக்ஸெல் கோப்பிலிருந்து ஏற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டியது, ஏதோ மாற்றியில் போட்டு யூனிகோடாக்கியது. பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனிச் சாவிகள். மாற்றி அவற்றை அப்படியே தனித்தனியாகவே விட்டுவைத்திருந்தது. அக்காவின் போன் விசைப்பலகை ஒரே குறியாகத் தட்டியது. 'கூனிமேடு'வில் இந்தச் சிக்கல் வராது. ஒகர, ஓகார, ஔகாரத்தில்தான் வரும்.

மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. 'என்எஃப்சி' என்ற சீராக்கம். பிரிந்து நிற்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கிவிடும். சேமிக்கும்போது ஒருமுறை, கோரிக்கை வரும்போது ரூட்டரைத் தொடுவதற்கு முன்பே மிடில்வேரில் ஒருமுறை. இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நோய் இடம் மாறும், போகாது. 'கௌ'வை 'கெள' என்று, அதாவது ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமுமாகத் தட்டுகிறவர்கள் உண்டு. அதை எந்தச் சீராக்கமும் தீர்க்காது. அங்கே இருப்பது உண்மையிலேயே வேறு எழுத்து. பெயர்களில் ஔகாரம் வந்தால் நான் கையால் பார்த்துவிடுவேன்.

லாகைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழ் முகவரியில் துப்பறிய அதுதான் பெரிய இடைஞ்சல். தமிழின் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் முகவரியில் பயணிக்கும்போது மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. 'மரக்காணம்' யூனிகோடில் 9 குறி; முகவரியில் 81 எழுத்து. என்ஜின்எக்ஸ் லாகில் இப்படித்தான் கிடக்கும். எந்த ஊர் என்று கண்ணால் படிக்க முடியாது. லாகைத் தமிழாக்கிக் காட்ட ஒரு வரி பைதான் எப்போதும் கைவசம் வைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் தமிழ்த் தளத்தின் 404-ஐத் தேடுவது இருட்டில் ஊசி தேடுவது. இதே நீளம் குறுஞ்செய்தியிலும் அடிக்கும். ஆங்கிலக் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70. ஊரின் பெயரே 81 எடுத்துக்கொண்டால் விலையை எங்கே எழுதுவது?

இதனால்தான் நண்பர்கள் பலர், "எதற்கு வம்பு, ஆங்கிலத்தில் போடு" என்கிறார்கள். எந்த ஆங்கிலத்தில்? மரக்காணத்துக்கு ஒற்றைக் 'கே'யா, இரட்டைக் 'கே'யா? பழைய ஆங்கில ஆவணங்களில் 'மெர்க்காணம்' என்றுகூட இருக்கிறது. கூனிமேட்டுக்கு 'யூ'வா, இரட்டை 'ஓ'வா? அக்காவுக்குத் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல்தான் தெரியும், அது சரியாகவும் இருக்கும். ஆங்கிலத்தில் தட்டச் சொன்னால் நாளுக்கொரு விதமாகத் தட்டுவார். தமிழிலும் தகராறு இல்லாமல் இல்லை. பக்கத்திலிருக்கும் பெரிய ஏரியை, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அதைக் கழுவெளி என்கிறார்கள், கழுவேலி என்கிறார்கள், கழிவெளி என்றும் எழுதுகிறார்கள்.

ஆகவே நான் வந்து நின்ற இடம் இது. முகவரியில் முதலில் ஓர் எண், அடுத்து தமிழ்ப் பெயர். ரூட்டர் எண்ணை மட்டும் நம்பும். பெயர் மனிதர்கள் பார்ப்பதற்கு. பெயர் பிழையாக இருந்தாலும், பாதியில் வெட்டுப்பட்டிருந்தாலும், எண் சரியாக இருந்தால் பக்கம் திறக்கும். திறந்ததும் சரியான பெயருக்குத் தானே திருத்திக்கொள்ளும். குறுஞ்செய்திக்கு எண்ணோடு நிறுத்தினால் போதும். எண் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் தட்டி வருபவருக்கு, அதை ஒத்த பெயர்களைக் காட்டும் தேடல் பக்கம். 404 அதற்கும் பிறகுதான். கட்டி முடித்த தளத்தில் இதை நுழைப்பது எரிச்சலான வேலை. தொடக்கத்திலேயே செய்தால் வேலையே இல்லை.

எங்கள் மாவட்டத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறது. அப்படிப் படித்து வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்வது இதுதான், இதைப் படிக்கிற மற்றவர்களிடமும் அதையே கேட்கிறேன். பயிற்சிப் பாடங்களில் வரும் 'ஹலோ வேர்ல்டு' முகவரியோடு நிற்காதீர்கள். நீங்கள் கட்டும் தளம் தமிழர்களுக்கு என்றால், வெளியிடுவதற்கு முன்பு கூனிமேடு, கோட்டக்குப்பம், மேடு, மடு என்று நாலு பெயரைப் பதிவிட்டு, போனிலிருந்து தமிழிலேயே தட்டித் திறந்து பாருங்கள். 'கோ'வை ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை கொம்பையும் காலையும் பிரித்தும் கொடுத்துப் பாருங்கள். அதையே தானாக ஓடும் சோதனையாகவும் எழுதி வைத்துவிடுங்கள், அடுத்து வருபவர் கைவைத்தால் உடனே தெரியும். திறக்காவிட்டால் தட்டியவரிடம் சரியாகத் தட்டினீர்களா என்று கேட்காதீர்கள். அவர் சரியாகத்தான் தட்டியிருப்பார்.